பத்தியமே பிணியானால்...

(வடக்குத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மாணவர்களும் வாழ்க்கைமுறை நோய்களும் என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். "சார், நான் மருத்துவன் இல்லையே, பொறியாளன் ஆச்சே" என்றேன். "அதனாலதான் கூப்பிடறோம். டாக்டர் பேசினா பசங்க தூங்கிடறாங்க" என்றார். நீங்கள் விழித்திருக்கும்படி பேச முயல்கிறேன்.

இந்தத் தலைப்பில் வழக்கமாகச் சொல்லப்படுவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுவும் உண்மைதான். 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அதன் வாசற்படியில் நிற்பவர்கள் மேலும் 13.6 கோடிப் பேர். நமக்குப் பக்கத்திலே இருக்கும் புதுச்சேரியில், 20 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை நோய். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை கூடியவர்கள். அதே வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். எடையும் கூடியிருக்கிறது, சத்தும் குறைந்திருக்கிறது. விந்தையான நிலைமை!

இந்த நோய்கள் நாற்பது வயதில் வெளியே தெரிந்தாலும், விதை விழுவது பெரும்பாலும் பதினெட்டு வயதில், ஹாஸ்டலில்தான். காலை எட்டரைக்கு எழுந்து, பல் தேய்த்தும் தேய்க்காமலும் ஒன்பது மணி வகுப்புக்கு ஓட்டம். காலைச் சிற்றுண்டி கிடையாது. பதினோரு மணிக்கு டீயும் ஒரு சிகரெட்டும். இரவு பதினொன்றுக்கு ஆர்ச் கேட் பக்கம் பரோட்டா. தேர்வுக் காலம் என்றால் சர்க்கரையும் கஃபீனும் கலந்த டின் பானம். படுக்கும்போது மணி இரண்டு. இதை மாற்றுங்கள் என்று பெற்றோரும் ஆசிரியரும் ஓயாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள்!

நான் இன்று பேச வந்தது இதன் மறுகரையைப் பற்றி. அங்கே நிற்கிற மாணவனை யாரும் கண்டிப்பதில்லை. மாறாக, "பாரு, எவ்வளவு கட்டுப்பாடா இருக்கான்!" என்று பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டுதான் எனக்குக் கவலை தருகிறது.

2025ஆம் ஆண்டில் வந்த இரண்டு செய்திகளை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். மார்ச் மாதம் கேரளத்தில் 18 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், இணையத்தில் பார்த்த உணவுமுறைகளைப் பின்பற்றி, மாதக்கணக்கில் உணவைக் குறைத்துக்கொண்டே வந்து, மருத்துவமனையில் இறந்தார். ஜூலை மாதம் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் 17 வயது இளைஞர் ஒருவர், காணொளி பார்த்து ஏறக்குறைய மூன்று மாதம் பழச்சாறு மட்டுமே குடித்து வந்த நிலையில் இறந்துபோனார். பொறியியல் கல்லூரியில் சேர இருந்தவர் அவர். அந்த இறப்புகளுக்கு மருத்துவக் காரணம் இன்னதென்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இருவரும் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணியவர்கள் அல்லர். நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றே தொடங்கியவர்கள். அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

நல்ல உணவையே உண்ண வேண்டும் என்ற எண்ணம் முற்றிப் பிடிவாதமாகி, பிடிவாதம் முற்றிப் பயமாகிவிடும் நிலைக்கு ஆர்த்தோரெக்ஸியா என்று பெயர். கிரேக்க மொழியில் ஆர்த்தோஸ் என்றால் சரியானது, ஓரெக்ஸிஸ் என்றால் பசி அல்லது உணவு விருப்பம். 1997ஆம் ஆண்டு ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தச் சொல்லை உருவாக்கினார். அவருக்கு இது ஏட்டறிவு அல்ல. இளமையில் ஒரு கூட்டுப் பண்ணையில் சமையற்காரராக இருந்தபோது, செடியிலிருந்து பறித்துப் பதினைந்து நிமிடம் தாண்டிய காய்கறியைத் தொடமாட்டாராம். ஒவ்வொரு கவளத்தையும் ஐம்பது முறை மெல்லுவாராம். பிறகுதான், தன் நாள் முழுவதையும் சாப்பாடே தின்றுவிடுகிறது என்று உணர்ந்திருக்கிறார்.

உண்ணாமை நோய் என்று சொல்லப்படும் அனோரெக்ஸியாவில் கவலை எல்லாம் அளவைப் பற்றியது: எவ்வளவு சாப்பிட்டேன், எத்தனை கிலோ ஏறினேன் என்று. ஆர்த்தோரெக்ஸியாவில் கவலை தூய்மையைப் பற்றியது: இதில் என்ன கலந்திருக்கிறது, இது என் உடம்பை அசுத்தம் செய்துவிடுமோ என்று. பல நேரம் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். முதலாவது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட நோய். இரண்டாவதைத் தனி நோயாக 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடும் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் சேர்க்கவில்லை. ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அக்கறையாகச் சாப்பிடுகிறவர்களை எல்லாம் நோயாளி என்று சொல்லிவிடக் கூடாது. 2005 வாக்கில் இத்தாலிய ஆய்வாளர்கள் 15 கேள்விகள் கொண்ட ஒரு சோதனைத் தாளை உருவாக்கினார்கள். அதை வைத்துப் பல நாடுகளில் கல்லூரி மாணவர்களைச் சோதித்தபோது, சில இடங்களில் பாதிப் பேருக்கும் மேல் இந்தத் தொல்லை இருப்பதாக முடிவு வந்தது. அளவுகோலே தவறு, ஒழுங்காகச் சாப்பிடுகிறவனையும் அது பிடித்துவிடுகிறது என்று பிறகு பலர் எடுத்துக் காட்டினார்கள். 2018இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் புதிய அளவுகோல் ஒன்று செய்து, ஆரோக்கியமான உணவு நாட்டத்தையும் நோயாகிவிட்ட நாட்டத்தையும் தனித்தனியே பிரித்தார்கள். பொறியாளர்களுக்கு இது புரியும். மீட்டர் பிழையாக இருந்தால் இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

அப்படியானால் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது? அதற்கு நம் தமிழிலேயே ஒரு நல்ல சொல் இருக்கிறது. பத்தியம்!

நம் வீடுகளில் பத்தியம் புதிதல்ல. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்தால் பத்தியம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம். சித்த மருத்துவத்தில் மருந்து முடிந்த பிறகும் சில நாள் மறுபத்தியம் உண்டு. ஆனால் எந்தப் பத்தியத்துக்கும் ஒரு காரணம் உண்டு, அதைச் சொல்ல ஒரு வைத்தியர் உண்டு, முடிவதற்கு ஒரு நாள் உண்டு. அந்த நாள் வந்ததும், "பத்தியம் முடிஞ்சுது, இனிமே எல்லாம் சாப்பிடலாம்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். விரதமும் அப்படியே. ஏகாதசி இருந்தால் துவாதசியன்று அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாகப் பாரணை. ரமலான் நோன்பு என்றால் அந்தி சாய்ந்ததும் நோன்புக் கஞ்சி. தவக்காலம் என்றால் ஈஸ்டர். நோன்பைத் தொடங்குவது தனி ஆளாக இருந்தாலும், முடிப்பது பெரும்பாலும் நாலு பேரோடு உட்கார்ந்துதான்.

நான் சொல்லும் பிணி, முடிவு நாள் இல்லாத பத்தியம். வைத்தியர் இல்லை, தானே வைத்தியர், தானே நோயாளி. பத்தியம் முறிந்தால் அடுத்த நாள் தண்டனையும் தானே கொடுத்துக்கொள்வது. முதலில் வெள்ளைச் சர்க்கரை நஞ்சு என்று நிற்கும். அதை விட்டால் யாருக்கும் நட்டமில்லை. அடுத்து மைதா, அடுத்து அரிசி, அடுத்து பால், அடுத்து கடை எண்ணெய். பிறகு பூச்சிமருந்து பயம், காய்கறியும் போயிற்று. கடைசியில் தட்டில் நான்கே பொருள் மிஞ்சும். பலாப்பழத்துக்குப் பேர் போன பண்ருட்டி நம் பக்கத்து ஊர். பலாக் காலத்தில், வீட்டில் பழத்தை அறுத்து வைத்திருக்கும்போது, ஒரு சுளையைக் கையில் எடுத்துச் சர்க்கரையைக் கணக்குப் போட்டுவிட்டுக் கீழே வைக்கிற பத்தொன்பது வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். நோய் நொடி இல்லாத பிள்ளைக்கு அந்தச் சுளையில் என்ன ஆபத்து இருக்கிறது?

நான் படித்த காலத்தில், 2009 வாக்கில், எங்கள் ஹாஸ்டலில் ஒரு நண்பர் இருந்தார். அவருடைய அனுமதியோடு, பெயரை விட்டுவிட்டுச் சொல்கிறேன். அப்போது எங்கள் கையில் ஸ்மார்ட் போன் கிடையாது, ரீல்ஸ் கிடையாது. ஒரு வார இதழ்த் தொடரும் இரண்டு புத்தகங்களும் போதுமானதாக இருந்தன. முதல் செமஸ்டரில் மெஸ்ஸில் பொரித்ததை விட்டார். இரண்டாம் செமஸ்டரில் சமைத்ததையே விட்டார். அறையில் நான்கு டப்பாக்களில் பயறு முளை கட்டியிருக்கும். நாங்கள் அவரைச் 'சாமியார்' என்று கூப்பிட்டோம், அவரும் சிரித்துக்கொள்வார். மூன்றாம் ஆண்டில் சிரிப்பு நின்றுவிட்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போகவில்லை. கேட்டால், "அம்மா பலகாரம் செஞ்சு வெச்சுக்கிட்டு மூஞ்சியப் பாப்பாங்கடா" என்றார். அக்கா கல்யாணத்தில் பந்தியில் உட்காராமல் மண்டபத்து வாசலிலேயே நின்றாராம். தலைமுடி கொட்டியது. மே மாதத்து வெயிலிலும் குளிர்கிறது என்றார். ஒருநாள் சர்வே பயிற்சியில் தியோடலைட்டுக்குப் பக்கத்தில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய அம்மா ஹாஸ்டல் தொலைபேசியில் என்னிடம் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. "தம்பி, நல்லா சாப்பிடறானான்னு கேக்கலப்பா. சந்தோஷமா சாப்பிடறானா?" மருத்துவர்கள் எழுதும் கேள்வித்தாள்களை எல்லாம் பின்னாளில் படித்துப் பார்த்தேன். அந்த அம்மாவின் ஒரு கேள்விக்குள் அவை பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன.

அவரைப் பார்த்த மருத்துவர் திட்டவில்லை. "ஒழுங்கா சாப்பிடு" என்று அறிவுரையும் சொல்லவில்லை. இரத்தப் பரிசோதனை செய்து, இரும்புச்சத்தும் பி-12 வைட்டமினும் குறைந்திருப்பதைக் காட்டினார். மனநல ஆலோசகர் ஒருவரிடமும் அனுப்பினார். வாரத்துக்கு ஒரே ஒரு உணவைத் திரும்பச் சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள். முதல் வாரம் தயிர் சாதம். அடுத்த வாரம் இட்லி. எங்கள் மெஸ் மாஸ்டர், தானே முன்வந்து அந்த வாரத்துப் பொருளைத் தனியாக எடுத்து வைப்பார். ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இன்று அவருக்கு இரண்டு குழந்தைகள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறார்.

இது மாணவப் பருவத்தில் ஏன் பற்றிக்கொள்கிறது? முதல் முறையாக வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு எதுவும் தன் கையில் இல்லை. அரியர் வருமா, வேலை கிடைக்குமா, அப்பா கட்டிய ஃபீஸுக்கு நியாயம் செய்வோமா, எதுவும் தெரியாது. தட்டு ஒன்றுதான் தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆகவே பயம் எல்லாம் வந்து தட்டில் உட்கார்ந்துகொள்கிறது. அதோடு கைப்பேசியும் சேர்ந்துவிட்டது. ஒரு காணொளியைப் பார்த்தால் அதே மாதிரி பத்து வருகிறது. "இந்த உணவைச் சாப்பிட்டால் ஆபத்து" என்ற தலைப்பைப் பார்க்கிற எண்ணிக்கை, "அளவாகச் சாப்பிடுங்கள்" என்ற தலைப்புக்கு வருமா? வராது. அளவு என்ற சொல்லில் பரபரப்பு இல்லை.

பரோட்டாக் கடை மாணவனும் முளைப்பயறு மாணவனும் எதிரெதிர்த் துருவங்கள் என்று நினைக்காதீர்கள். பல சமயம் ஒரே ஆள்தான். ஆறு மாதம் கண்டபடி தின்பது. பிறகு குற்ற உணர்ச்சியில் ஆறு மாதம் பட்டினி. பட்டினி தாங்காமல் மறுபடியும் கண்டபடி. நடுவில் ஜிம்மில் யாரோ சொன்ன புரதப் பவுடர். 2024ஆம் ஆண்டு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், அந்தப் பவுடர்களைத் தவிர்க்கச் சொல்கின்றன. அதே நெறிகள் சோற்றை விடச் சொல்லவில்லை. ஒரு நாளைய கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, பருப்பு, காய், கீரை, பழம், பால், கொட்டை வகைகளைச் சேர்க்கச் சொல்கின்றன. கவனியுங்கள்: அறிவியல் பெரும்பாலும் எல்லை சொல்கிறது, 'பூஜ்யம்' என்று சொல்வது அபூர்வம்.

எல்லை என்றதும் நமக்குப் பக்கத்தில் இருக்கும் சுரங்கம்தான் நினைவுக்கு வருகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு ஆர்ட்டீசியன் நீர் இருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் நீர் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால்தான் 1961இல் நிலக்கரி வெளிப்பட்ட காலத்திலிருந்து பம்புகள் இரவு பகலாக ஓடுகின்றன. சரி, பயமாக இருக்கிறதே என்று அளவில்லாமல் இறைத்துக்கொண்டே இருக்கலாமா? சுற்று வட்டாரத்து நிலத்தடி நீர் என்ன ஆகும் என்று இந்த ஊர் விவசாயிகளைக் கேளுங்கள், சொல்வார்கள். அழுத்தத்தைக் குறைப்பதுதான் வேலை; நீரே இல்லாமல் செய்வது அல்ல. உடம்பும் அப்படித்தான். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காக உப்பே இல்லாமல் சாறும் தண்ணீருமாகக் குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை குழம்பும். பொட்டாசியம் தாறுமாறானால் இதயத் துடிப்பே தடம் புரளும். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிடுவதும் ஆபத்து. அதனால்தான் மீட்பதையும் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகச் செய்கிறார்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குச் சில வார்த்தைகள். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போங்கள். ஏழு மணி நேரம் தூங்குங்கள். வாரத்தில் 150 நிமிடமாவது உடம்பு வேர்க்க நடங்கள், விளையாடுங்கள். புகை வேண்டாம், இந்த ஒன்றுக்கு மட்டும் பூஜ்யம்தான் எல்லை. எந்த உணவுமுறையைத் தொடங்கினாலும், "யார் சொன்னார்கள், எதற்காக, எந்தத் தேதியில் முடியும்?" என்று மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிப் பாருங்கள். விடை இல்லையென்றால் தொடங்காதீர்கள். பக்கத்து அறை நண்பன் தொடர்ந்து பந்திக்கு வராமல் ஒதுங்கினால், இளைத்துக்கொண்டே போனால், ஒரு வாய் மாற்றிச் சாப்பிட்டதற்கு நாளெல்லாம் தன்னையே நொந்துகொண்டால், மாணவியருக்கு மாதவிலக்கு நின்றுபோனால், கேலி செய்யாதீர்கள். கல்லூரி மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

முன்னாள் மாணவர்களாகிய நமக்கும் வேலை இருக்கிறது. நம்மில் பலர் இப்போது அப்பா, அம்மா. வீட்டில் பிள்ளையின் எடையைப் பற்றி விருந்தாளி முன்னால் கிண்டல் பேசுவதை நிறுத்துவோம். சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். இந்த ஆண்டு நிதியில் ஒரு பகுதியை மெஸ்ஸுக்கு ஒதுக்கலாம். காலையில் ஏழு முதல் ஒன்பது வரை சூடாகச் சிற்றுண்டி, தினம் ஒரு கீரை, ஒரு பழம். மாதம் ஒருமுறை உணவியல் வல்லுநரும் மனநல ஆலோசகரும் வந்து உட்கார ஓர் அறை. புதிய ஜிம் கருவிகளை விட இது பிள்ளைகளுக்கு உதவும் என்பது என் தாழ்மையான கருத்து.

கடைசியாக ஒன்று. இங்கிருந்து சிறிது தூரத்தில் வடலூர். 1867ஆம் ஆண்டு வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. வள்ளலார் புலால் மறுத்தவர். உணவில் கட்டுப்பாடு உள்ளவர். எந்த மூலிகை எதற்கு நல்லது என்றெல்லாம் சொன்னவர். ஆனாலும் அவர் பிணி என்று முதலில் கண்டது பிறருடைய பசியை. சாதி, மதம், ஊர் கேட்காமல் வரிசையில் உட்கார வைத்துச் சோறு போடச் சொன்னார். உணவில் தூய்மை வேண்டும் என்பவர்கள் ஒருநாள் அங்கே போய்ப் பந்தியில் உட்கார்ந்து பாருங்கள். முடிந்தால் ஒரு வேளை பரிமாறியும் பாருங்கள். பக்கத்து இலையைப் பார்க்கத் தெரிந்தவனுக்குத் தன் இலையைப் பற்றிய பயம் கொஞ்சமாவது குறையும் என்று நம்புகிறேன்.

மதியச் சாப்பாடு தயாராகிவிட்டது என்று சைகை வருகிறது. சாம்பாரும் இருக்கிறது, பாயசமும் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ள நண்பர்கள் மருத்துவர் சொன்னபடி அளவோடு இருங்கள். மற்றவர்கள் கணக்குப் பார்க்காமல் சேர்ந்து உட்காருங்கள்.